எண்பத்தேழாம் வீட்டுத் தண்ணீர்

ஒரு ஊராம், ஊருக்கு ஒரு பக்கம் கடலாம், மறுபக்கம் முள்ளாம், நடுவில் கண் கூசுகிற அளவுக்கு வெள்ளை வெளேரென்று உப்பளமாம். அந்த ஊரில் மழை பெய்தால் அழுவார்களாம், வெயில் அடித்தால் சிரிப்பார்களாம். கேட்கிறவர்கள் ‘ம்’ கொட்டினால் கதை நடக்குமாம், கொட்டாவிட்டால் அங்கேயே உட்கார்ந்துவிடுமாம். அந்த ஊருக்கு முள்ளக்காயல் என்று பேர். அங்கே ஒரு சித்திரை மாதத்து மத்தியானம், செத்துப்போன ஒரு பேராசிரியரின் மூன்று தகரப் பெட்டிகள் வாடகை வேனில் வந்து இறங்கின.

பேராசிரியர் பேர் அழகியநம்பி. பொருளாதாரம் படித்து, கடல் தாண்டிப் போய்ப் பட்டம் வாங்கி, பல்கலைக்கழகத்தில் முப்பது வருஷம் பாடம் சொல்லி, டெல்லியில் போட்ட கமிட்டிகளுக்கும் வெளிநாட்டு வங்கிகளுக்கும் ஆலோசனை சொல்லி, விமானத்தில் போய் விமானத்தில் வந்து, தலையணை தலையணையாக முப்பத்தாறு அறிக்கைகள் எழுதிய மனிதர். இவ்வளவும் செய்தவர் வாழ்நாள் முழுக்க ஜனங்களிடம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். மற்ற பொருளாதாரக்காரர்கள் எல்லாம் எவ்வளவு சம்பாதிக்கிறாய், எவ்வளவு நிலம், எத்தனை மாடு என்று கேட்டுக்கொண்டு போக, இவர் மட்டும் ‘நேற்று என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டார். விடியற்காலை நாலு மணியிலிருந்து மறுநாள் நாலு மணி வரைக்கும் இருபத்துநாலு கட்டம் போட்ட ஒரு படிவம். ஒரு கட்டத்துக்கு ஒரு மணி நேரம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு எண். தூக்கம் ஒன்று, தண்ணீர் எடுப்பது மூன்று, சமையல் நாலு, கூலி வேலை ஏழு, இப்படியே போய், எதிலும் சேராததெல்லாம் பத்தொன்பது. பத்தொன்பது என்றால் ‘இதர’.

அவர் எண்பத்து நாலாவது வயதில் கண்ணை மூடியதும், பல்கலைக்கழகம் அந்த முப்பத்தாறு அறிக்கைகளையும் வாங்கிக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பு விழாவும் நடத்தியது. படிவங்களை மட்டும் வேண்டாம் என்றுவிட்டது. அச்சேறாத காகிதத்துக்கு இங்கே இடமில்லை என்று கடிதமே போட்டது. மகள் வகுளா பெட்டிகளைத் திறந்து பார்த்தபோது ஒவ்வொன்றின் மேலும் அப்பாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது: ‘இவை கேட்டு வாங்கியவை. கொடுத்தவர்களிடம் திரும்பச் சேர்க்கவும்.’ அப்பா சொல்லைத் தட்டாத மகள். தறிக்காரர்களின் நாட்களைத் தறி ஊருக்கும், மலைக்காரர்களின் நாட்களை மலைக்கும் அனுப்பிவிட்டு, உப்புக்காரர்களின் நாட்களைத் தானே கொண்டுவந்து முள்ளக்காயல் கிளை நூலகத்தின் வாசலில் இறக்கினாள்.

நூலகர் ரூபி ஜெயசெல்வி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பெட்டிகளைப் பார்த்தாள்.

“இதுல என்ன மேடம் இருக்கு?”

“உங்க ஊரோட நேத்து இருக்கு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பதாம் வருஷத்து நேத்து. இருநூத்திப் பதிமூணு வீடு.”

“வைக்க எடமில்லையே. பேப்பர் படிக்கிற மேசைக்கு அடியில வேணா தள்ளலாம். கரையான் வராது, இந்த உப்புக்காத்துல அது செத்துப்போவும். ஆனா குத்தியிருக்க பின்னு பூரா துருப்பிடிக்கும், அதுக்கு நான் பொறுப்பில்ல.”

“துருப்பிடிச்சா பிடிக்கட்டும்மா,” என்று சொல்லிவிட்டு வகுளா கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவளுக்கும் இந்தக் கதைக்கும் அவ்வளவுதான்.

மறுநாள் ரூபி தூசி தட்டுவதற்காக முதல் படிவத்தை எடுத்து மேசையில் விரித்தபோது, எதிர் நாற்காலியில் இசக்கிமுத்து வந்து உட்கார்ந்தார். அவர் செத்து இருபத்தாறு வருஷம் ஆகியிருந்தது. ரூபி வெளியூரிலிருந்து வந்தவள், அவளுக்கு ஆளைத் தெரியாது. “செருப்பை வெளிய போட்டுட்டு வாங்க” என்றாள். அவரிடம் செருப்பே இல்லை. எழுந்தார், கண்ணுக்குத் தெரியாத குடத்தைத் தூக்கினார், கண்ணுக்குத் தெரியாத பாத்தியில் இறங்கி உப்பு வாரினார், குத்தவைத்துக் கஞ்சி குடித்தார், பீடி பற்றவைத்தார், படுத்தார். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நிமிஷம். இருபத்துநாலு கட்டமும் இருபத்துநாலு நிமிஷத்தில் முடிந்து, ஆள் போன பிறகு நாற்காலியில் ஒரு சிட்டிகை உப்பு மட்டும் கிடந்தது. ரூபி அதைத் துடைத்து ஊறுகாய் பாட்டிலில் போட்டுவிட்டு, அடுத்த படிவத்தை விரித்தாள்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஊர் என்ன செய்தது என்றால், ஊர் செய்கிறதைத்தான் செய்தது: வரிசையில் நின்றது.

முதல் வாரம் கோயில் சாமியாடி வந்து பார்த்துவிட்டு, இதுகளுக்குக் கால் தரையில் பாவுகிறது, அதனால் பேய் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். சர்ச் ஃபாதர் வந்து பார்த்துவிட்டு, இதுகள் நம்மைத் திரும்பிப் பார்ப்பதில்லை, அதனால் உயிர்த்தெழுதலும் இல்லை என்றார். இரண்டும் இல்லை என்றானதும் ஜனங்களுக்கு நிம்மதி. பயமும் வேண்டாம், நேர்ச்சையும் வேண்டாம், போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும். படிவத்திலிருந்து வந்தவர்களுக்குப் பேச்சு இருந்ததில்லை. வாய் அசையும், சத்தம் வராது, ஏனென்றால் படிவத்தில் பேச்சுக்குக் கட்டம் கிடையாது. எழுதினது மட்டும் வந்தது. எழுதாதது வரவில்லை.

அதனால் சண்டைகளும் வந்தன. குளிப்பதற்கு எண் போட மறந்துபோன ஒரு படிவத்தைப் பார்த்துவிட்டு, “எங்கய்யா ஒரு நாளும் குளிக்காம படுத்ததில்ல, எந்தப் பய எழுதுனது?” என்று தாவீது மேசையைத் தட்டினான். சோம்பேறியாக ‘மேற்படி, மேற்படி’ என்று எழுதிய படிவத்திலிருந்து வந்த கோயில்பிச்சை அத்தை அஞ்சு கட்டம் விடாமல் அரைத்த மிளகாயையே அரைத்துக்கொண்டிருந்தாள், பார்க்க வந்த மருமகள், “உயிரோட இருக்கையில ஒரு நாளு அம்மியத் தொட்டிருப்பாளா?” என்று சிரித்துச் சிரித்துக் கடைசியில் அழுதுவிட்டாள். ஆனால் எல்லாரையும் வாயடைக்க வைத்தது அந்தப் பத்தொன்பதாம் எண்தான். ‘இதர’ வருகிற கட்டத்தில், வந்தவர்கள் யாரானாலும் எழுந்து சுவரைப் பார்த்து நின்றுகொள்வார்கள். அந்த ஒரு நிமிஷம் முதுகு மட்டும்தான் தெரியும். சிலர் தோள் குலுங்கும். அது சிரிப்பா அழுகையா என்று யாருக்கும் தெரியாது. டீக்கடை மிக்கேலின் அப்பா சாயங்காலம் அஞ்சு மணி, ஆறு மணிக் கட்டம் இரண்டிலும் சுவரைப் பார்த்து நின்றதைப் பார்த்துவிட்டு, மிக்கேலின் அம்மா, எண்பத்தொரு வயதுக்காரி, “அந்த நேரம் எங்க போனீரு? இப்பமாவது சொல்லும்!” என்று முதுகைப் பார்த்துக் கேட்டாள். அவள் ஒரு வாரம் அவர் படத்துக்குப் பூப் போடவில்லை.

இப்படியே ஊர் அதற்குப் பழகியது. நாற்காலியில் கிடந்த உப்பை ஒரு சிட்டிகை வாங்கிப்போய்த் திதியன்று குழம்பில் போடுவது வழக்கமாயிற்று. படிவத்தை விரிக்க விரிக்க மை வெளிறுவதை ரூபி கண்டுபிடித்து, ஒரு குடும்பத்துக்கு வருஷத்தில் ஒரு தரம் என்று நோட்டீஸ் ஒட்டினாள். நாலு தரத்துக்கு மேல் எந்தப் படிவமும் தாங்காது. பள்ளத்தில் வேலை செய்கிறவர்களும் மேட்டில் உப்பு குவிக்கிறவர்களும், சாயங்காலம் கைகால் கழுவிய பிறகு, அன்றைக்குத் தாங்கள் செய்ததையெல்லாம் ஒன்றொன்றாக நினைத்துப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினார்கள். யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே.

சந்தனக்கனி ஏழு மாதம் வரிசையில் நின்றாள்.

உப்பளச் சாலையின் கடைசி வீடு அவளுடையது. படிவத்தில் எண்பத்தேழாம் எண். அம்மா முத்துப்பேச்சி, இவளுக்கு ஒரு வயது முடிந்த நாற்பதாம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். ஒரு படம் கிடையாது. அப்பாவிடம் எப்போது கேட்டாலும், “ஒன்னைய மாதிரிதான் இருப்பா” என்பார்; வேறு சொல்லத் தெரியாமலேயே அவரும் போய்ச் சேர்ந்தார். சந்தனக்கனிக்கு இப்போது நாற்பத்து நாலு வயது. அம்மாவைவிட இருபது வயது மூத்த மகள். கண்ணாடியில் பார்த்து அம்மாவைத் தேடுவதற்கும் இனி வழியில்லை, தலை நரைத்துவிட்டது.

“எங்கம்ம எப்படி நடப்பான்னு தெரியணும்,” என்றாள் ரூபியிடம், பேர் கொடுக்க வந்த முதல் நாள். “நான் ஒரு மாதிரி சாஞ்சி நடப்பேன்லா? அது அவட்ட இருந்து வந்துதா, இல்ல உப்புப் பெட்டி தூக்கித் தூக்கி வந்துதான்னு பாக்கணும்.”

“எண்பத்தேழு மை ரொம்ப வெளிறியிருக்குக்கா. பேனா சரியில்லையோ என்னவோ. ஒரு தடவைக்குத்தான் தாங்கும்.”

“ஒரு தடவை போதும்.”

அவள் முறை வருவதற்கு முந்தின வியாழக்கிழமை, வெள்ளைச் சட்டையை இன் பண்ணின ஒரு பெரியவர், சேதி கேள்விப்பட்டு, கையில் மடித்த குடையுடன் டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி நூலகத்துக்குள் வந்தார். பேர் ஞானதிரவியம். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அதற்கு முன்னால், இருபத்துமூன்று வயதில், அழகியநம்பியிடம் படிவம் நிரப்புகிற வேலையில் இருந்தவர்.

“எண்பத்தேழாம் படிவத்தைக் கிழிச்சிருங்க டீச்சர்,” என்றார்.

“நான் டீச்சர் இல்ல, லைப்ரேரியன். எதுக்குக் கிழிக்கணும்?”

அவர் குடையைச் சுவரில் சாய்த்தார். அது சரிந்து விழுந்தது. எடுத்துத் திரும்பச் சாய்த்தார்.

“அந்த வீட்டுக்கு நான் போகல. அன்னைக்குக் கடைசி வீடு அது. வெயில் மண்டையப் பொளக்கு. பாதி வழியில முள்ளும் குடையுமா ஒரு உடைமரம் நின்னுது. நாலு மணி பஸ்ஸ விட்டா அடுத்தது மறுநாள். மரத்தடியில உக்காந்து நானே நிரப்பிட்டேன். நாலாங் கட்டத்த முப்பத்தொண்ணாம் வீட்டுல இருந்து எடுத்தேன், பத்தாங் கட்டத்த அறுவதுல இருந்து எடுத்தேன், அப்படி இப்படி ஒட்டுப் போட்டேன். எங்க ஆள்கள்லாம் எப்பமாவது செய்யிறதுதான். ஆனா நான் செஞ்சது அந்த ஒண்ணுதான்.”

“பேராசிரியருக்குத் தெரியுமா?”

“தெரியும்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. அறிக்கை வந்துது. இருநூத்திப் பன்னெண்டு வீடுன்னு போட்டிருந்துது. அச்சுப் பிழைன்னு நெனச்சேன். ஏழு வருசம் கழிச்சி எனக்கு வாத்தியார் வேலை கெடைச்சி, சொல்லிட்டுப் போகப் போனேன். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்புனாரு. கேட் கிட்ட நின்னு, ‘ஞானம், அந்த எண்பத்தேழாம் வீட்டுத் தண்ணி எப்படி இருந்தது?’ன்னாரு. ‘கொஞ்சம் உப்புக் கரிச்சுது சார்’ன்னேன். ‘ம்’ன்னாரு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அவரப் பாக்க நான் போகல.”

“தண்ணியா? என்ன தண்ணி?”

“அதான் எனக்கும் சரியா ஞாபகம் இல்ல. ஒரு பொம்பளை தண்ணி குடுத்தா. குறிப்புல எழுதினேன். முகம் ஞாபகத்துல இல்ல.”

ரூபி பெட்டியைத் திறந்து, படிவத்தை விரிக்காமல், மடித்தபடியே அடி விளிம்பை மட்டும் பிடித்துப் பார்த்தாள். குறிப்பு என்ற இடத்தில் வெளிறிய நீலத்தில் ஒரு வரி: ‘கேட்காமலே தண்ணீர் கொடுத்தார்.’ அதற்குக் கீழே, பென்சிலில், வேறு கையெழுத்தில்: ‘மறுபார்வைக்கு நானே போனேன். இவ்வீட்டுப் பெண் இறந்துவிட்டாள். கேட்க யாரும் வரவில்லை, ஆனால் மரத்தடியில் எழுதிக்கொண்டிருந்த பையனுக்குத் தண்ணீர் கொடுத்ததாக அவள் சொன்னாள் என்கிறார் கணவர். கணக்கில் சேர்க்காதே. கிழித்தும் போடாதே. குறிப்பு மட்டும் மெய்.’

அவள் அதைப் பெரியவரிடம் காட்டினாள். அவர் கண்ணாடியைக் கழற்றி, திரும்ப மாட்டி, இரண்டு தடவை படித்தார்.

“அண்ணாச்சி, கிழிக்க எனக்கு அதிகாரம் கிடையாது. அந்த அக்காட்ட சொல்ல எனக்கு வாயும் கிடையாது. ஏழு மாசமா நிக்கா. சனிக்கிழமை ரெண்டரைக்கு அவ முறை. நீங்களே வந்து சொல்லுங்க.”

சனிக்கிழமை சந்தனக்கனி தலைக்கு ஊற்றி, கல்யாணத்துக்கு எடுத்த பச்சைப் பட்டைக் கட்டி, அம்மா தன்னைப் பார்க்க மாட்டாள் என்று தெரிந்தும் பூ வைத்துக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரிகள் நாலைந்து பேர் துணைக்கு. ஞானதிரவியம் படியிலேயே அவளை மறித்து, கும்பிட்டு, ரூபியிடம் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னார். மைனிக்காரி ஜெபக்கனி முதலில் பாய்ந்தாள்.

“நல்லா இருப்பீராய்யா நீரு? பத்து நிமிசம் நடக்கதுக்கு வலிச்சுதாக்கும் காலு? அந்தப் பத்து நிமிசத்துக்கு இவளுக்கு ஒரு நாளு முழுசும் போச்சே!”

“சும்மா இரு மைனி,” என்றாள் சந்தனக்கனி. அவள் முகம் உப்புப் பாத்தி மாதிரி வெளுத்திருந்தது. “பொய்னா பொய்யாவே வரட்டும். பொய்யிலயும் ஒரு மொகம் இருக்கும்லா?”

உள்ளே போய் உட்கார்ந்தாள். ரூபி படிவத்தை விரித்தாள்.

யாரோ ஒருவருடைய நாள்தானே எந்தப் படிவத்திலும் இருக்க முடியும். எதிர் நாற்காலிக்கு வந்தது முத்துப்பேச்சி அல்ல, பெல்பாட்டம் போட்ட, மீசை அரும்பின, தொண்டை எலும்பு துருத்தின ஒரு இளவட்டம். முட்டியில் அட்டையை வைத்துக்கொண்டு எழுதினான். பேனா எழுதாமல் உதறினான். கட்டம் கட்டமாக மேலே பார்த்து யோசித்தான், முழுக்கைச் சட்டையில் முகத்தைத் துடைத்தான். தலைக்கு மேல் உடைமரத்தின் நிழல், நிழல் என்று சொல்ல முடியாத சல்லடை நிழல், மேசையில் விழுந்தது. பின்னால் நின்ற ஞானதிரவியம் குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பெண்கள் அந்த இளவட்டத்தையும் பெரியவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “யாத்தே, இவ்வளவு முடியா இருந்துது?” என்றாள் ஒருத்தி, மெதுவாக.

ஒன்று, இரண்டு, மூன்று என்று நிமிஷங்கள் போயின. அந்தப் படிவத்தை நிரப்ப அன்றைக்கு அவனுக்கு உண்மையிலேயே அவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும், இருபத்துநாலு நிமிஷம். சந்தனக்கனி கண் கொட்டவில்லை. ஒன்பது, பத்து. அவன் காது குடைந்தான். பதினொன்று. ஜெபக்கனி, “போதும், எந்திளா, போவோம்” என்று தோளைத் தொட்டாள்.

பன்னிரண்டாம் கட்டத்தில், அதாவது மூன்று மணிக் கட்டத்தில், அவன் நிமிர்ந்து பார்த்தான்.

ஜன்னல் பக்கத்திலிருந்து அவள் வந்தாள். தலையில் சும்மாட்டின் மேல் குடம், இடுப்பில் ஒரு பிள்ளை, கை நிறைய உப்பு வெடிப்பு. இடது பக்கம் சாய்ந்து நடந்தாள். குடத்தை இறக்கி, பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு, செம்பில் மொண்டு நீட்டினாள். அவன் பேனாவை வாயில் கடித்துக்கொண்டு இரண்டு கையையும் ஏந்தினான். அவள் ஊற்றிக்கொண்டே என்னவோ கேட்டாள். உதடு அசைந்தது, மூக்குத்தி அசைந்தது, கேட்டதற்குத் தானே சிரித்தாள். அவனும் புரையேறிச் சிரித்தான். இடுப்பிலிருந்த பிள்ளை அவன் பேனாவைப் பிடுங்கப் பார்த்தது. அவள் அதன் கையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள்.

நாற்பத்து நாலு வயதுச் சந்தனக்கனி தன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குடம் தலைக்கு ஏறியது. சாய்ந்த நடையில் மேசையைச் சுற்றி, புத்தக அலமாரிக்குள் நுழைந்து, உப்பளத்தின் வெள்ளையில் சின்னதாகி, போய்விட்டாள். ஒரு நிமிஷம். மிச்சம் பன்னிரண்டு கட்டமும் அந்தப் பையன் எழுதினான், கீழே குறிப்பில் ஒரு வரி சேர்த்தான், அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினான். அவன் ஓடியதோடு நீல மை பூராவும் வெளிறிப்போய், படிவத்தில் பென்சில் எழுத்து மட்டும் தங்கியது.

நாற்காலியில் ஒரு சிட்டிகை உப்பு. அதன் நடுவே, சொட்டு அளவுக்கு ஈரம்.

“நடை அவளதுதான்,” என்றாள் சந்தனக்கனி. பிறகு சட்டென்று திரும்பினாள். “எங்கம்ம என்ன கேட்டா?”

ஞானதிரவியத்தின் வாய் திறந்தது. அவரும் அந்த நாற்காலிக்காரர்களில் ஒருவராகிவிட்டது போல, உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை.

“ஒரு நிமிசம் குடுத்தீரு. அதுவும் ஊமையாக் குடுத்தீரு. அவ கேட்டது ஒம்ம காதுலதான் கெடக்கு. சொல்லும்!”

“நாளைக்கு,” என்றார் அவர், கடைசியில். “நாளைக்கு வீட்டுக்கு வாரேன். அந்த வீட்டுக்கு வந்துதான் நான் சொல்லணும்.” குடையை மறந்துவிட்டு வெளியே போனார்.

“வருவாரா இவரு? அன்னைக்கும் வராத ஆளு,” என்றாள் ஜெபக்கனி.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. உடைமரம் வெட்டுப்பட்டு வருஷம் இருபது ஆகிறது, வெறும் தூர் மட்டும் நிற்கிறது. அந்த இடம் வந்ததும் அவர் நின்றார் என்றும், கொஞ்சநேரம் அந்தத் தூரைப் பார்த்தார் என்றும், பிறகு நடந்தார் என்றும் மேட்டில் நின்றவர்கள் சொன்னார்கள். காலையில் ரூபி எடுத்துக் கொடுத்த குடையையும் வாங்காமல், வெயிலில், பத்து நிமிஷத்து நடை. அவருக்கு இருபது நிமிஷம் ஆனது. கையில் அட்டை. அட்டையில் ரூபியிடம் வாங்கிவந்த, பெட்டி அடியில் எழுதாமல் கிடந்த படிவம் ஒன்று.

சந்தனக்கனி வாசலில் ஸ்டூலைப் போட்டாள். அவர் உட்கார்ந்ததும் உட்காராததுமாக,

“என்ன கேட்டா?”

“சொல்லுதேன்மா. ஆனா இது என் வாயில சொன்னா காத்தோட போயிரும். நான் கேக்கேன், நீங்க சொல்லுங்க, எழுதிருவோம். எழுதினாத்தான நிக்கும்.” பேனா மூடியைத் திறந்தார். நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டியதைக் கேட்டார். “நேத்து என்ன செஞ்சீங்க?”

சந்தனக்கனி அவரைப் பார்த்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. புரிந்ததும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, எதிரில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

நாலு மணிக்கு எழுந்தேன் என்றாள். அஞ்சு மணிக்குத் தண்ணீர் லாரிக்கு நின்றேன் என்றாள். சமைத்தேன், தலைக்கு ஊற்றினேன், பச்சைப் பட்டைத் தேடினேன், பிளவுஸ் பத்தவில்லை, பிரித்துத் தைத்தேன் என்றாள். அவர் எண் போடவில்லை. எல்லாவற்றையும் எழுத்திலேயே எழுதினார். கட்டம் போதாமல் வரிகள் விளிம்புக்கு ஏறின.

“ரெண்டு மணிக்கு?”

“லைப்ரேரிக்குப் போனேன். ஒரு பொய்யர் என்ன மறிச்சாரு. எழுதும்.”

எழுதினார்.

“மூணு மணிக்கு?”

“மூணு மணிக்கு எங்கம்மயப் பாத்தேன்.”

“அதுக்கு இதுல நம்பர் கிடையாது. எங்க காலத்துல இதரன்னு போட்டிருப்போம்.”

“இதரன்னு போட்டீரு, பேனாவ ஒடிச்சிருவேன். எங்கம்ம செவத்தப் பாத்து நிக்கப்படாது. என்னன்ன பாத்தனோ அம்புட்டும் எழுதும். சும்மாடு பழஞ்சேலைக் கிழிசல், ஊதா. எழுதியாச்சா? மூக்குத்தி வலப்பக்கம். கழுத்துல ஒண்ணுமில்ல, மஞ்சக்கயிறு. நடை எடப்பக்கம் சாய்வு, எங்கம்மட்ட இருந்து எனக்கு வந்தது, உப்புப் பெட்டியால வந்ததில்ல. பிள்ளைக்கு மொட்டைத்தலை, சட்டையில்ல. பிள்ள பேனாவப் பறிக்கப் போச்சி, அவ ஒரு தட்டுத் தட்டுனா. வலிக்காம தட்டுனா. அதையும் போடும், வலிக்காமன்னு.”

அவர் எழுதிக்கொண்டே போனார். விளிம்பு தீர்ந்து, படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இப்ப அவ கேட்டது,” என்றாள் சந்தனக்கனி. குரல் தணிந்துவிட்டது. “அத நீரு சொல்லும், நான் ஒம்ம கையப் பாத்துக்கிட்டிருக்கேன்.”

ஞானதிரவியம் ஒரு தடவை கடல் பக்கம் பார்த்தார். நேற்று வரைக்கும் முகமே ஞாபகம் இல்லாதவருக்கு, இப்போது குரலும் வந்திருந்தது. கட்டைக் குரல், வெற்றிலை போட்ட வாய். அவர் அந்த மாதிரியே சொல்லப் பார்த்தார், வரவில்லை, தன் குரலிலேயே சொன்னார்.

“‘என்னய்யா, மரத்தடியில உக்காந்து பரிச்சையா எழுதுத? பாத்து எழுது, பெயிலாப் போயிராத.’”

சந்தனக்கனி முதலில் சிரித்தாள். சிரித்து, வாயைப் பொத்தி, திரும்ப அதையே முணுமுணுத்துப் பார்த்தாள், ‘பெயிலாப் போயிராத’, தன் வாயில் அது எப்படி இருக்கிறது என்று பார்க்கிறவள் மாதிரி. அவர் எழுதி முடித்து, இருபத்துநாலாம் கட்டம் வரைக்கும் கேட்டு எழுதி, அடியில் கையெழுத்துப் போட்டு, மூடியை மாட்டினார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அவள் எழுந்து உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் மொண்டுவந்து நீட்டினாள். அவர் கேட்கவில்லை. இரண்டு கையையும் ஏந்திக் குடித்தார்.

“இப்பவும் கரிக்காக்கும்?”

“கரிக்கத்தான் செய்யி.”

“கரிக்கும். இந்த ஊருத் தண்ணி அப்படித்தான்.” அவள் படிவத்தை அவர் கையிலிருந்து வாங்கி, மடிக்காமல், நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். “திங்கக்கிழமை லைப்ரேரில குடுத்து எண்பத்தேழுன்னு நம்பர் போடச் சொல்லுவேன். நான் போனப்புறம் எம் மக்க விரிக்கட்டும். ரெண்டு பேரும் வருவோம்.”

ஞானதிரவியம் தலையாட்டினார். அட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். நாலு மணி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது, இருந்தாலும் நடந்தார். வெள்ளைப் பாத்திகளுக்கு நடுவே, ஒற்றை வரப்பு மாதிரி ஓடிய அந்தச் சாலையில், உடைமரத்தின் தூரைத் தாண்டி, சிறிதாகி, இன்னும் சிறிதாகி அவர் போவதைச் சந்தனக்கனி வாசலிலேயே நின்று, ஒரு எண்ணிலும் சேராத அந்த நேரம் முழுக்க, பார்த்துக்கொண்டிருந்தாள்.